வராத காய்ச்சல்

ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு ரூம்ல எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தப்ப எனக்கு மட்டும் பயம் புடிச்சிக்கிச்சு. நான் பயந்தாங்கொள்ளி கிடையாது. தென்னேரி காலனியில இருந்து கிளம்பி சென்னையில போய் பிஎச்டி பண்றவ, தொட்டதுக்கெல்லாம் பயந்தா வேலைக்கு ஆகுமா? ஆனா அந்தப் பேப்பரை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு நர்சிங் ஹோம், மாடி ரூம். கட்டில்ல படுத்திருந்தவ ஜீவிதா. ஆறாங்கிளாஸ்ல இருந்து என் சிநேகிதி. அவ ஊருக்குள்ள, நான் காலனி. ஆனா ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. வைகாசியில கல்யாணம் ஆகி திருப்புட்குழிக்குப் போனா. ஆடி பொறந்ததும் புதுப்பொண்ணுன்னு அம்மா வூட்டுக்குக் கூட்டியாந்தாங்க. வந்த இடத்துல வயித்து வலி, வாந்தி.

புதுசா தாலி ஏறினவ வாந்தி எடுத்தா எங்க பக்கத்துல டாக்டருக்கா போன் போவும்? மாமியாருக்குத்தான் போவும். மணியம்மா, அதான் ஜீவியோட மாமியார், ஒரு கூடை பழமும் பூவுமா வந்து எறங்கிட்டாங்க. "மசக்கைன்னா அப்படித்தாம்மா வயித்தைப் பொரட்டும்"னு சொல்லி சுக்குத் தண்ணியைக் குடுத்தே ஒரு நாளை ஓட்டிட்டாங்க. மறுநாள் காலையில அவ நிமிர முடியாம சுருண்டு கிடந்தப்புறம்தான் இங்க கொண்டாந்தாங்க. வந்ததும் முதல் டெஸ்ட்லயே கர்ப்பம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. மணியம்மா மூஞ்சியில ஈயாடல.

அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. காய்ச்சல் இல்ல. சிஆர்பி நாலு. உடம்புக்குள்ள எங்கியாவது சீழ் புடிச்சா ரத்தத்துல மளமளன்னு ஏறுற புரதம் அது. நூறு, இருநூறுன்னு போவும். நாலுன்னா உள்ள ஒரு தொந்தரவும் இல்லன்னு அர்த்தம். டூட்டி டாக்டர் பிரேம்நாத் நல்ல மனுஷன், சின்ன வயசு. மொத்த ஆஸ்பத்திரியையும் தனியாளா பார்த்துக்கினு இருந்தார். "வயித்துப் புண்ணும் கேஸும்தான்மா, ட்ரிப்ஸ் முடிஞ்சதும் வீட்டுக்குப் போலாம்"னுட்டார். அதுக்கேத்த மாதிரி மத்தியானம் வலியும் சடார்னு கொறைஞ்சிடுச்சு. நான் சென்னையில இருந்து பஸ் புடிச்சு வந்து சேர்ந்தது அந்த நேரத்துலதான்.

"வா கிரேஸு. பயந்துட்டியா? எனக்கு ஒண்ணும் இல்லடி, ரசம் சோறு சாப்பிடணும் போல இருக்குது"ன்னா ஜீவி.

அவ புருஷன் மாணிக்கவேல் அண்ணன் ரிப்போர்ட்டை என் கையில குடுத்துட்டு துணிமணியைப் பையில வெச்சிக்கினு இருந்தார். மணியம்மா பிளாஸ்க்ல இருந்து காபி ஊத்தினாங்க. எல்லாருக்கும் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். அன்னிக்கு அதுக்குக் கோபப்பட நேரம் இல்ல.

ஏன்னா எனக்கும் ஜீவிக்கும் அவங்கம்மா எல்லம்மாளுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் இருந்துச்சு.

ஜீவிக்கு முடக்குவாதம். காலேஜ் முடிக்கிறப்பவே விரலெல்லாம் வீங்கி, தண்ணி பாட்டில் மூடியைக்கூட திறக்க முடியாது. நான்தான் சென்னையில ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனேன். என்னென்னவோ குடுத்துப் பார்த்து, கடைசியா டோஃபாசிட்டினிப்னு ஒரு மாத்திரை கேட்டுச்சு. வீக்கம் வடிஞ்சு, அவளே தலையைப் பின்னிக்கினு வந்து நின்ன அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்லயே அழுதோம். நிச்சயத்தப்போ மணியம்மா கேட்டாங்க, "பொண்ணுக்கு நோய் நொடி ஒண்ணும் இல்லியே?" அப்பா இல்லாத பொண்ணு, வந்திருக்கிறது நல்ல இடம். எல்லம்மா குத்துவிளக்கு எதுர்ல நின்னு "ஒண்ணும் இல்ல"ன்னுட்டாங்க. அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு, உள்ளங்கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாங்க, என் வாயால இது வெளிய போவக்கூடாதுன்னு. நானும் பண்ணிக் குடுத்தேன்.

இப்ப அந்த மாத்திரை உள்ள போயி இன்னா பண்ணுதுன்னு சொல்லணும். நான் ஆராய்ச்சி பண்றதே அதைத்தான்.

உடம்புல ஒரு இடத்துல கிருமி பூந்துடுச்சுன்னு வைங்க. அங்க இருக்கிற செல்லுங்க ரத்தத்துல ஒரு சேதியை அனுப்பும். இன்டர்லூகின் ஆறுன்னு அதுக்குப் பேரு. அது கல்லீரலுக்குப் போயி செல்லோட வாசக்கதவைத் தட்டும். ஆனா உள்ள போவாது, வாசலோட நின்னுடும். கதவுக்கு உள்பக்கம் ஜாக்னு ஒரு நொதி உட்கார்ந்துக்கினு இருக்குது. தட்டினதும் அது முழிச்சிக்கினு ஸ்டாட்னு இன்னொரு புரதத்தை எழுப்பிவிடும். ஸ்டாட் ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்து நேரா உட்கருவுக்குள்ள ஓடி, அங்க சும்மா கிடக்கிற ஜீன்களை உசுப்பும். அப்பத்தான் கல்லீரல் சிஆர்பியைச் செய்ய ஆரம்பிக்கும். மூளையில காய்ச்சலைக் கிளப்புறதுக்கும் இதே வழிதான்.

ஜீவி சாப்பிடற மாத்திரை அந்த ஜாக்கை அமுக்கிடும். அவ மூட்டுல காரணமே இல்லாம கதவைத் தட்டிக்கினே இருக்கிற சேதியை அடக்கத்தான் அதைக் குடுக்கிறது. ஆனா எது பொய்ச் சேதி, எது நிஜச் சேதின்னு மாத்திரைக்குத் தெரியுமா? ரெண்டையும் சேர்த்து அமுக்கும். வாசல்ல ஊரே கத்தினாலும், உள்ள போய்ச் சொல்ற ஆளு வாயில துணியை அடைச்சிட்டா சமையக்கட்டுல யாரு அடுப்பைப் பத்தவைப்பாங்க?

லேப்ல நான் கல்லீரல் செல்லை வளர்த்து, அதே மருந்தை விட்டு, மேல இன்டர்லூகினை ஊத்திப் பார்க்கிறவ. எவ்வளவு ஊத்தினாலும் கிராஃப்ல கோடு எழும்பாது, தரையோட தரையா கிடக்கும். ஜீவி ரிப்போர்ட்ல இருந்த நாலைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கோடுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. இந்த ரிப்போர்ட்டை நம்பி இவளை வூட்டுக்கு அனுப்பினா செத்துப்போயிடுவாளோன்னு தோணிடுச்சு.

மெதுவா அவ கையைப் புடிச்சேன். நாடி தடதடன்னு ஓடுது. போர்வைக்கு அடியில வயித்துல கை வெச்சேன். பலகை மாதிரி இறுகிக் கிடந்துச்சு. உள்ள ஏதாவது வெடிச்சா கொஞ்ச நேரம் வலி கொறையும், அப்புறம்தான் சீழ் பரவும்னு படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஐயோ கடவுளேன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கினேன்.

ஜீவி என்னையே பார்த்துக்கினு இருந்தா. நான் இன்னா நெனைக்கிறேன்னு அவளுக்குத் தெரியாதா? வேணாம்னு தலையை லேசா ஆட்டினா.

நான் எல்லம்மாவை வெளிய மாடிப்படிக்கு இழுத்துக்கினு போனேன்.

"அம்மா, டாக்டர்கிட்ட மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?"

"மாப்பிள்ளை பக்கத்துலயே நிக்கிறாரு, எப்பிடிச் சொல்றது? அதான் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே கண்ணு."

"அந்த மாத்திரையாலதாம்மா வரல! உள்ள சீழ் புடிச்சிருந்தாலும் அதுல காட்டாது. காய்ச்சலும் வராது. சென்னை டாக்டர் சொன்னாரா இல்லியா, உடம்புக்கு வந்தா எந்த டாக்டரா இருந்தாலும் மொதல்ல இதைச் சொல்லுன்னு?"

"கத்தாத. வலிதான் நின்னுடுச்சே. இன்னிக்கு வூட்டுக்குப் போயி, நாளைக்கு அந்த டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம். இப்ப வாயைத் திறந்தா அவ வாழ்க்கையே போயிடும்."

"நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டாம்மா. உசுரே போனப்புறம் வாழ்க்கையை வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

பளார்னு என் கன்னத்துல ஒண்ணு விட்டாங்க. விட்டுட்டு அவங்களே முந்தானையால வாயைப் பொத்திக்கினு படியில உட்கார்ந்துட்டாங்க. எனக்கு வலிக்கலன்னு சொன்னா அது பொய். அந்தக் கையால எத்தனை தடவை எனக்குச் சோறு போட்டிருக்காங்க. ஆனா நின்னு அழறதுக்கு அங்க ஏது நேரம்? நான் கீழ ஓடினேன்.

பிரேம்நாத் டாக்டர் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கினு இருந்தார். நான் ரகசியமாச் சொன்னேன். மாத்திரை பேரைக் கேட்டதும் மனுஷனுக்கு முகமே மாறிப்போச்சு.

"டோஃபாவா? காலையிலயே கேட்டேனேம்மா, வேற மருந்து எதுவும் எடுக்கறீங்களான்னு. கால்சியம் மட்டும்தான்னாங்களே!"

"சார், தயவு பண்ணி எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவகிட்டக் கேளுங்க"ன்னு நான் சொல்றதுக்குள்ள அவர் படியேறிட்டார். எல்லாரையும் அனுப்பிட்டுக் கேக்க அவருக்குத் தோணல. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவ்வளவு அவசரம் அவருக்கு. வாசப்படியில நின்னுக்கினே கேட்டுட்டார்.

"ஜீவிதா, டோஃபாசிட்டினிப் சாப்பிடறீங்களா?"

ஜீவி மாணிக்கவேல் அண்ணனைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. "இல்ல சார். கால்சியம்தான் சாப்பிடறேன்"னா.

நான் அதிர்ந்துபோயிட்டேன். என் பின்னாடியே வந்து நின்ன எல்லம்மா கம்மின குரல்ல, "என் பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்ல சார்"னாங்க.

டாக்டர் கிட்டப் போயி வயித்தை அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்ல சார்."

மூட்டு மூட்டா வலி தின்னப்பவே சிரிச்சிக்கினு கோலம் போட்டவ அவ. இதை மறைக்கிறது அவளுக்குப் பெரிய விஷயமா? ஆனா போர்வைக்குள்ள கால் விரலெல்லாம் சுருட்டிக்கினு இருந்துச்சு. நான் பார்த்தேன்.

"வயிறு இறுக்கமா இருக்குது. எதுக்கும் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துடலாம்"னார் டாக்டர்.

மணியம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோபம். "இன்னா சார் இது? நீங்கதானே ஒண்ணும் இல்ல, வூட்டுக்குப் போலாம்னீங்க? இவ வந்து காதுல எதையோ ஓதினதும் ஸ்கேன்றீங்க!" அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. "யாரும்மா நீ? எந்த வூட்டுப் பொண்ணு? என் மருமவ மேல இல்லாத வியாதியை ஏத்திக்கினு இருக்கிற! இதுக்குத்தான் கண்டவங்களை உள்ள விடக்கூடாதுன்றது."

"அவளே இல்லன்றாளே சார். வலியும் நின்னுடுச்சு. நாங்க கிளம்புறோம்"னார் மாணிக்கவேல் அண்ணன். பையோட ஜிப்பை இழுத்துட்டார். டாக்டர் தடுமாறினார். பேஷன்டே இல்லன்னு சாதிச்சா அவரும் இன்னா பண்ணுவார்? கட்டிப்போட முடியுமா?

எனக்கு மாத்திரை எங்க இருக்குதுன்னு தெரியும். மணியம்மா வூட்டுல அந்த மூணு நாளும் தனிப் பாய், தனித் தட்டு. நாப்கின் இருக்கிற பாக்கெட்டை யாரும் கையால தொடமாட்டாங்க, புருஷன் கண்ணாலகூடப் பார்க்கமாட்டார். "இதைவிட பத்திரமான லாக்கர் பேங்க்லகூடக் கிடைக்காதுடி"ன்னு ஜீவி போன்ல சொல்லிச் சிரிச்சிருக்கா. அட்டையைத் துண்டு துண்டா வெட்டி அதுக்குள்ளதான் சொருகி வெப்பா.

அண்ணன் கையில இருந்து பையைப் புடுங்கினேன்.

"கிரேஸு!" ஜீவி எழுந்திரிக்கப் பார்த்தா. அந்த அசைவுலயே அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. "வேணாம்டி. உன் கால்ல விழறேன். வேணாம்டி!"

கேட்டுக்கினே ஜிப்பைத் திறந்தேன். துணிக்கு அடியில இருந்த பாக்கெட்டை எடுத்து, எல்லார் கண்ணு முன்னாடியும் கட்டில் மேல கவுத்து உதறினேன்.

நாப்கினுங்க பொலபொலன்னு விழுந்துச்சு. அண்ணன் சட்டுனு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினார். "ஐயய்யோ, கருமம்! ஆம்பளைங்க எதுர்லயா!"ன்னு மணியம்மா தலையில அடிச்சிக்கினாங்க. ஜீவி ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கினா. நான் அதுக்கு நடுவுல துழாவி, பேரு முழுசா இருந்த ஒரு துண்டை எடுத்து டாக்டர் உள்ளங்கையில வெச்சேன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"ன்னார் டாக்டர்.

"காலையில"ன்னா ஜீவி, மூடின கையைத் திறக்காமலே.

அதுக்கப்புறம் எல்லாமே ஓட்டம்தான். டாக்டர் சர்ஜனுக்குப் போன் போட்டார், ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. குடல்வால் வெடிச்சு, வயித்துக்குள்ள சீழ் பரவ ஆரம்பிச்சிருக்குது. உடனே திறக்கணும்னாங்க. நர்ஸ் பேப்பரை நீட்டி, புருஷன் கையெழுத்துப் போடணும்னு சொன்னாங்க.

மாணிக்கவேல் அண்ணன் பேனாவை வாங்கினார். ஆனா போடல. கட்டில்ல கிடந்த அட்டைத் துண்டு ஒண்ணு இன்னொரு கையில இருந்துச்சு. அதையே பார்த்துக்கினு சிலையா நின்னுட்டார். "எவ்வளவு நாளா?"ன்னார். எல்லம்மா அவர் கால்ல விழப்போனாங்க, அவர் நகர்ந்துக்கினார். நர்ஸ் ரெண்டாம் தடவை கூப்பிட்டாங்க. போடுய்யா, போட்டுத் தொலைன்னு கத்தணும் போல இருந்துச்சு.

கத்தினது மணியம்மா. "போடுடா! உள்ள ஒரு பொண்ணு செத்துக்கினு இருக்குது, இன்னா யோசனை? ஏமாத்தினதை அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல கையெழுத்தைப் போடு!"

அவர் போட்டார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நாலு பேரும் நாலு மூலையில உட்கார்ந்திருந்தோம். மணியம்மா எல்லம்மாவைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் பேசினாங்க. "வெளக்கு எதுர்ல நின்னு சொன்னியேம்மா. நெஜத்தைச் சொல்லியிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற. ஆனா மசக்கைன்னு நெனைச்சு ஒரு நாள் பூரா அவளைச் சுக்குத் தண்ணி குடிக்க வெச்சேனே. அந்தப் பாவத்தை என் தலையில கட்டிட்டியே." எல்லம்மாவோட தோள் குலுங்கிக்கினு இருந்துச்சு.

சாயங்காலம் சர்ஜன் வெளிய வந்து மாஸ்க்கைக் கழட்டினார். கழுவி எடுத்தாச்சு, பிழைச்சிக்குவாங்கன்னார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா கஷ்டம்"னு மட்டும் சொன்னார். நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். மணியம்மா எழுந்து என்கிட்ட வந்து நின்னாங்க.

"நீ நல்லது பண்ணம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா என் புள்ளை எதுர்ல அந்தப் பையை உதறின பாரு, அதை நான் மறக்கமாட்டேன்."

"மறக்க வேணாம் ஆன்ட்டி"ன்னேன்.

மூணாம் நாள் ஜீவியை வார்டுக்கு மாத்தினப்புறம்தான் என்னை உள்ள விட்டாங்க. உதடு காய்ஞ்சு, கையில ட்ரிப்ஸோட இருந்தா. நான் கையைப் புடிச்சதும் இழுத்துக்கினா. மாத்திரையை நிறுத்தினதால அந்த விரலெல்லாம் மறுபடி வீங்க ஆரம்பிச்சிருந்துச்சு.

"ஏன்டி சொன்ன?"

"நீ செத்துப்போயிருப்படி."

"போயிருந்தா நோய் நொடி இல்லாதவளா, நல்ல மருமவளா போயிருப்பேன். இப்ப நான் யாரு? அவர் ரெண்டு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கஞ்சியைக் கொண்டாந்து வெச்சிட்டு வெளிய போயிடறாரு. நீ படிச்சவ, உனக்கு உசுருதான் பெருசு. என் மானத்தை நாப்கினோட சேர்த்து உதறிட்டியே." அவளுக்கு மூச்சு வாங்குச்சு. "போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

எனக்கும் கோபம் பொத்துக்கினு வந்துச்சு. உசுரைக் காப்பாத்தினவளை இப்படியா பேசறதுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அவ பேசுறதுக்கே வயித்துத் தையலைக் கையால அமுக்கிக்கினு இருந்தா. அதை முழுங்கிட்டு வெளிய வந்து, பஸ் ஸ்டாண்டுல, பட்டுக்கடைக்கு ஆள் புடிக்கிறவங்க கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கினு அழுதேன். ஒருத்தர் வந்து "முகூர்த்தப் பட்டாம்மா?"ன்னு கேட்டார். அவரைத் திட்டின திட்டு எனக்கே ஞாபகம் இல்ல.

இப்ப ஐப்பசி. அவ திருப்புட்குழிக்குப் போனாளா, தென்னேரியிலயே இருக்காளான்னு எனக்கு யாரும் சொல்றதில்ல. எல்லம்மா என்னைப் பார்த்தா தெரு மாறிப் போறாங்க. அவ உசுரோட இருக்கா, எனக்கு அது போதும்னு சொல்லணும்னு ஆசைதான். போதல. எனக்கு என் ஜீவி வேணும்.

தினமும் காலையில லேபுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவளுக்குப் போன் அடிப்பேன். ரெண்டு ரிங் போவும், கட் பண்ணிடுவா. கட் பண்றதுக்கு அவ இருக்கா.